படகுக்கு வந்த பஞ்சு

என் கணவரைப் புதைத்த மூன்றாம் நாள் காலையில், கைக்குழந்தையையும் ஒரு தகரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் குடிபோனேன். 1952-ஆம் வருடம், ஐப்பசி மாதம். நான்கு நாட்களாக மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது.

தங்கையா அண்ணன் எங்கள் ரப்பர்த் தோட்டத்தின் ஸ்டோர்காரர். லிங்கி ஆற்றின் கரையில், படகுத்துறைக்குப் பக்கத்தில் தோட்டத்து ஸ்டோர். அதன் பின்பக்கத்தில் ஒட்டினாற்போல அவருக்கு ஒரு பலகை வீடு கொடுத்திருந்தார்கள். தரைப் பலகைகளுக்கு அடியில் ஆள் குனிந்து போகும் உயரத்துக்கு வெற்றிடம். ஆறு பெருகினால் அந்த இடத்தில் தண்ணீர் வந்து நிற்கும். ஆட்கள் குடியிருந்த லயங்களையும் ஸ்டோரையும் சேர்த்து இரட்டை முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். மலாயாவில் அது எமர்ஜென்சி, கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து சண்டை போட்ட காலம். மாலை ஆறு மணிக்கு மேல் யாரும் வேலியைத் தாண்டக் கூடாது.

அண்ணி மாரியம்மா வாசலுக்கே வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். மலாக்கா டவுனை ஒட்டிய பாச்சாங்கில் பிறந்து வளர்ந்தவள், கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

"உள்ள வா கோமளா. பிள்ளைய மெத்தையில போடு. நல்லா தூங்கும் லா."

உள்ளே நுழைந்ததும் ஒரு வாடை அடித்தது. ஆற்றுச் சேறும் பெட்ரோலும் கலந்த வாடை. படகுத்துறைப் பக்கத்து வீடு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அது என் கணவரின் சட்டையில் அடிக்கும் வாடை என்பது, பெட்டியைக் கீழே வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

என் கணவர் நாகமுத்து தோட்டத்துப் படகை ஓட்டியவர். சாலையில் கம்யூனிஸ்டுகள் ரப்பர் லாரியைச் சுட்டு எரித்த பிறகு, ஆட்களும் சாமான்களும் ஆற்று வழியாகவே கழிமுகத்து ஊரான கோலா லிங்கிக்குப் போய் வந்தார்கள். பட்டாளத்தார் கழித்துவிட்ட ஆறு மிதவைச் சட்டைகள் படகுக்குக் கிடைத்தன. துரை அவற்றை 'லைஃப் ஜாக்கெட்' என்றார். ஜாக்கெட் என்றால் எங்களுக்கு ரவிக்கை. ஆண்கள் அந்தப் பெயரைச் சொல்லவே கூச்சப்பட்டார்கள். "ஏம்பா, இன்னைக்கு ஜாக்கெட்டு போட்டுக்கிட்டு வர்றியா?" என்று பெண்கள் வேறு கேலி செய்தார்கள். அதனால் அதற்குப் பஞ்சுச் சட்டை என்று பெயராகிவிட்டது.

உள்ளே இலவம்பஞ்சு. நல்ல பஞ்சாக இருந்தால் ஆளையே தூக்கி நிறுத்தும். ஆனால் எங்கள் ஆட்கள் படகுப் பலகை குத்துகிறது என்று சட்டையைக் கழற்றி மடித்து, மேலே உட்கார்ந்துகொள்வார்கள். கோலா லிங்கி வரைக்கும் அப்படியே போவார்கள். நாகமுத்து கத்திக் கத்திப் பார்த்தார்.

"எழுந்திரிங்க மாமா. அது சட்டை, மெத்தை இல்ல."

"தண்ணியில விழுந்தா போட்டுக்கிறேன்டா தம்பி."

மாசி மாதத்தில் ஒருநாள் அந்த ஆறு சட்டைகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டார். துணியை நகத்தால் கிள்ளி இழுத்தார், இற்று வந்தது. மோந்து பார்த்தார். பிறகு உள்ளங்கையை வைத்து ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணி அழுத்தினார். கையை எடுத்தார். குழி குழியாகவே நின்றது.

"பாத்தியா? உயிருள்ள பஞ்சுன்னா உடனே எழும்பணும். துணி கிழிஞ்சா யாருக்கும் தெரியும் கோமளா. பஞ்சு செத்தா, அழுத்திப் பாத்தவனுக்குத்தான் தெரியும்."

நல்ல பஞ்சு தாங்கும் அளவுக்குக் கல் கட்டி, ஆறு சட்டைகளையும் ஸ்டோர்த் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். விடிந்து பார்த்தபோது ஆறும் அடியில் கிடந்தன. ஆபீசில் சொல்லிவிட்டார், இனி இவற்றைப் போட்டுக்கொண்டு யாரையும் ஏற்ற மாட்டேன் என்று.

ஆபீஸ் புதுத்துணியும் ஒரு சாக்குப் பஞ்சும் வரவழைத்துக் கொடுத்தது. வேலிக்கு வெளியே மலாய்க்காரர்களின் கிராமமான கம்பத்தில் இலவ மரங்கள் இருந்தன. ஆனால் அங்கே போய்க் காய் பொறுக்க எங்களுக்கு அனுமதி இல்லை. அதனால் டவுனிலிருந்து வந்த அந்த ஒரு சாக்குதான். அண்ணன் பொறுப்பில் விட்டார்கள். பழைய பஞ்சை எடுத்துவிட்டுப் புதுப் பஞ்சை உள்ளுறையில் அடைப்பது அண்ணன் வேலை, அதற்கு மேல் புதுத்துணி போட்டுத் தைப்பது என் வேலை. லயத்தில் தையல் மிஷின் இருந்தது என்னிடம் மட்டும்தான்.

"பஞ்சு அடைச்சு உள்ள மூட்டிட்டேன். நீ மேல ஓட்டிடு" என்று அண்ணன் கொண்டுவந்து வைத்தார். நானும் ஓட்டினேன்.

நான் அழுத்திப் பார்க்கவில்லை.

அவரும் பார்க்கவில்லை. மச்சான் அடைத்து, மனைவி தைத்த சட்டை. அதை எதற்குச் சோதிக்க வேண்டும்?

அடுத்த மாதம் அண்ணனுக்குக் கல்யாணம். டவுன் பெண் பாயில் படுப்பாளா என்று லயமே சிரித்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் வீட்டில் புத்தம்புது மெத்தை கிடந்தது. என் மகள் ஜெயமணி பிறந்ததும் அவளுக்கும் ஒரு சின்னத் தலையணை கொடுத்தனுப்பினார். தாய்மாமன் சீர் என்று நான் பெருமைப்பட்டேன்.

ஐப்பசியில் எனக்குக் கடைவாய்ப் பல் வலி. கோலா லிங்கியில் வைத்தியம் பார்க்கும் டிரெஸ்சரிடம் காட்டுவதற்காகக் குழந்தையை அண்ணியிடம் விட்டுவிட்டுப் படகில் ஏறினேன். மகளைப் பார்க்கப் போன சாமிக்கண்ணு கங்காணியும் எங்களோடு வந்தார். அண்ணன்தான் ஸ்டோரிலிருந்து சட்டைகளை எடுத்துவந்து கொடுத்தார். எனக்கு முதலில் கொடுத்த சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, உள்ளே போய் வேறொன்றை எடுத்து வந்தார்.

"இதப் போட்டுக்க தங்கச்சி. ஒனக்கு இதுதான் சரியா இருக்கும்."

முதல் வளைவு தாண்டியதும் வெள்ளத்தில் வந்த மரம் ஒன்று பக்கவாட்டில் மோதியது. படகு கவிழ்ந்தது. நடுப்பகல், நல்ல வெளிச்சம். எல்லாவற்றையும் பார்த்தேன். சாமிக்கண்ணு கவிழ்ந்த படகின் முதுகைப் பிடித்துக்கொண்டார். எனக்கு நீச்சல் தெரியாது. சட்டை என்னைத் தண்ணீருக்கு மேலே நிமிர்த்தி வைத்திருந்தது. என் கணவர் எட்டு வயதிலிருந்து ஆற்றில் நீந்தியவர். என்னை நோக்கி வந்தார். வரும்போதே அவர் தோள் தாழ்ந்தது. பிறகு கழுத்து. மார்பில் இருந்த நாடா முடிச்சை இரண்டு கையாலும் பிய்த்தார். அது அவிழவில்லை.

வாய் தண்ணீருக்குள் போகும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து, கரையோர நிப்பாப் பனை ஓலைகளுக்கு இடையில் மலாய் மீனவர் ஒருவர் அவரைக் கண்டெடுத்தார். சட்டை மார்பிலேயே கட்டியிருந்தது.

அண்ணன் வீட்டில் முதல் சில நாட்கள் நான் எதையும் கவனிக்கவில்லை. அழுதேன், பால் கொடுத்தேன், தூங்கினேன். ஏழாம் நாள் மதியம். அண்ணன் ஸ்டோரில் இருந்தார், அண்ணி குழாயடியில். ஜெயமணி மெத்தையில் தூங்கினாள். நான் கதவோரம் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

சொட்டு.

கூரை ஒழுகுகிறதா என்று நிமிர்ந்து பார்த்தேன். வெளியே வெயில்.

சொட்டு. சொட்டு.

மெத்தைக்குள்ளிருந்து வந்தது அந்தச் சத்தம். மேலே கை வைத்தேன். துணி காய்ந்திருந்தது. காதை வைத்தேன். உள்ளே ஆழத்தில் தண்ணீர் எதையோ தட்டித் தட்டி ஓடிக்கொண்டிருந்தது, படகின் அடிப்பலகையில் படுத்துக் கேட்டால் கேட்குமே, அது மாதிரி.

அண்ணியிடம் சொன்னேன். அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"ஒனக்கும் கேக்குதா? ஒங்க அண்ணன்ட்ட சொன்னா எலின்றாரு. எலி நீச்சலா அடிக்கும் லா?"

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவரு இப்பல்லாம் கீழதான் படுக்குறாரு கோமளா. முதுகு வலியாம்."

பதினோராம் நாளும் மதியம்தான். குழந்தை விழித்துக்கொண்டு, கைகாலை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்குப் பக்கத்தில், தலையணையில், ஒரு குழி விழுந்தது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குழி மெதுவாக ஆழமானது. விரித்த உள்ளங்கை அளவு. ஐந்து விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன.

என்னை அறியாமல் எண்ணினேன். ஏழு. எட்டு. ஒன்பது. பத்து.

பஞ்சு எழும்பியது. உடனே எழும்பியது.

குழந்தையைப் பறித்துக்கொண்டு வெளியே ஓடினேன். அவர் பிள்ளையைக் கூட்டிப்போக வந்துவிட்டார் என்றுதான் முதலில் பயந்தேன். அதற்குப் பிறகு தினமும் நடந்தது. தலையணையில் ஒருமுறை, மெத்தையின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு முறை. குழந்தையை அது தொடவே இல்லை. அவள் படுத்திருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. பத்து எண்ணும். விடும். நகரும்.

பயத்தோடு பயமாக எனக்கு ஒன்று புரிந்தது. இது கூட்டிப்போக வந்த கை இல்லை. வேலை பார்க்கிற கை.

பதினைந்தாம் நாள், வீட்டில் யாரும் இல்லாதபோது, தலையணையைப் பிரித்தேன். மேலுறை பூப்போட்ட சீட்டித் துணி. உள்ளே சணல் சாக்கில் தைத்த உறை. அதற்குள் பால் போல வெள்ளைப் பஞ்சு. உறையைத் திருப்பினேன். சாக்கின் உள்பக்கத்தில் தச்சுப் பென்சிலால் பெரிய எழுத்துகள். ஸ்டோருக்கு வரும் படகுச் சாமான் எல்லாவற்றிலும் அவர் எழுதி வைப்பார், வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்று.

'படகுக்கு மட்டும். நாகமுத்து.'

பென்சில் கோடுகள் ஈரமாக இருந்தன.

நேரே ஸ்டோருக்குப் போனேன். போலீஸ் திருப்பிக் கொடுத்திருந்த அவர் சட்டை மற்றவற்றோடு ஆணியில் தொங்கியது. என் தையலை நானே பிரித்தேன். உள்ளே கறுப்புக் கட்டிகள். பெட்ரோல் குடித்து, எத்தனையோ பேர் உட்கார்ந்து நசுக்கிய அதே பழைய பஞ்சு. அடுத்ததைப் பிரித்தேன். அதுவும் அப்படியே. ஐந்தும் அப்படியே.

ஆறாவது என்னைத் தூக்கி நிறுத்திய சட்டை. அதில் வெள்ளைப் பஞ்சு இருந்தது. கழுத்துப் பட்டைக்கு அடியில் சிவப்பு நூலில் ஒரு முடிச்சு. நான் நீல நூலில்தான் தைத்தேன். சிவப்பு என் கைவேலை இல்லை.

பஞ்சைத் திருடியவன்கூட அறியாமல் திருடியிருக்கலாம், ஏதோ ஆகாது என்று நினைத்திருக்கலாம். அடையாளம் வைத்தவன் அறிந்தவன். என்னிடமிருந்து ஒரு சட்டையை வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுத்தபோது, என் கணவர் மார்பில் கட்டியிருந்தது என்ன என்று அண்ணனுக்குத் தெரியும். கரையில் நின்று கையசைத்தாரே, அப்போதும் தெரியும்.

ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தைச்சது யாரு? நீதானே. இந்த எமர்ஜென்சியில போலீசு, விசாரணைன்னு போனா, முதல்ல ஒம்பேருதாம்மா வரும். பிள்ளைய பாரு, போ."

ஸ்டோருக்குத் திரும்பி வந்து ஆறு சட்டைகளையும் பழையபடி நீல நூலில் மூட்டினேன். சிவப்பு முடிச்சை மட்டும் அறுத்து எறிந்தேன்.

மறுநாள் கருமாதி. எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை, அவர் பக்கத்திலும் யாரும் இல்லை. குழியில் முதல் மண் போட்டதும் அண்ணன்தான், பிண்டம் கரைக்க வேண்டியதும் அண்ணன்தான். ஆற்றின் கீழ்ப்பக்கத்து மணல்திட்டுக்குப் படகில் போக வேண்டும். பழுது பார்த்த படகு அன்றுதான் முதன்முதலாகத் தண்ணீரில் இறங்கியது. ஓட்டுவதற்கு வேறு டிவிஷனிலிருந்து வீரமுத்து என்பவரை அனுப்பியிருந்தார்கள். நாற்பது வயது, லாரி ஓட்டியவர். என் கணவரை அவர் பார்த்ததே இல்லை. அவரிடம் விடிந்ததுமே ரகசியமாகச் சொல்லிவிட்டேன், அந்தச் சட்டைகளில் ஒன்றையும் போட வேண்டாம் என்று. அவர் ஏன் என்று கேட்கவில்லை. மூடி இறுக்கிய காலி எண்ணெய் டின்கள் இரண்டைக் கயிற்றால் பிணைத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வெந்த சோறு வேலிக்கு வெளியே போகக் கூடாத காலம் அது. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்பார்கள். பிண்டத்துக்கே துரையிடம் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. துறையில் நின்ற காவல்காரர் வாழையிலையை விரித்து மூன்று உருண்டைகளையும் குச்சியால் குத்திப் பார்த்தார். "தீகா" என்று மலாயில் மூன்று எண்ணிவிட்டு, கையால் போகச் சொன்னார். என் கணவருக்கான சோறு உடைந்து கிடந்தது.

நான் சட்டைகளைக் கைகளில் அடுக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணன் வந்தார். ஒவ்வொரு சட்டையின் கழுத்துப் பட்டைக்கு அடியிலும் அவர் விரல் போய்ப் போய் வந்தது. ஆறையும் தடவினார். மறுபடி முதலிலிருந்து தடவினார்.

"என்ன தேடுற அண்ணே?"

"ஒண்ணுமில்ல. ஒன்னோடது எது கோமளா?"

"எல்லாம் ஒண்ணுதானே. நீதானே பஞ்சு அடச்ச."

அவர் கை நின்றது. மீசைக்கு மேல் வியர்த்திருந்தது. ஆற்றைப் பார்த்தபடி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"அடுத்த சாக்கு வந்ததும் நிரப்பிரலாம்னுதான் இருந்தேன். ஒண்ணுக்குத்தான் மிச்சம் இருந்துச்சு. அத ஒனக்குத்தானே குடுத்தேன்? வேற யாருக்குக் குடுத்தேன்? நீ என் கூடப்பொறந்தவ."

நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்ததைப் போல என்னைப் பார்த்தார். இத்தனை வருடம் கழித்தும், அவர் செய்த எதையும்விட, அந்தப் பார்வைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அவருக்குச் சொல்லியிருக்கலாமே அண்ணே. ஒரு வார்த்தை. அவரு நீந்தியே வந்திருப்பாரு."

அண்ணன் மறுபடி கழுத்துப் பட்டைகளைத் தடவப் போனார்.

அப்போது என் கையில் மேலாக இருந்த சட்டையில் ஒரு குழி விழுந்தது. நாங்கள் இருவரும் பார்த்தோம். விரல்கள் விரிந்தன. ஆழமாக, மிக ஆழமாக இறங்கியது. என் முன்கையில் அந்தக் கனத்தை உணர்ந்தேன்.

அண்ணனின் உதடுகள் எண்ணின.

எழும்பவில்லை.

"வேணாம்மா" என்றார். "நான் போகல. வேற யாரையாவது..."

"வேற யாரு இருக்கா அவருக்கு?"

காவல்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். துறையில் முப்பது பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். செத்தவனுக்குப் பிண்டம் கரைக்கப் பயந்து திரும்பினான் என்ற பேச்சோடு தோட்டத்தில் யாரும் வாழ முடியாது. அது அவருக்கும் தெரியும்.

அடுக்கின் அடியிலிருந்து ஒரு சட்டையை உருவினேன். நானே அவருக்கு மாட்டி, நாடாவை மார்பில் முடிந்தேன்.

"இது எது கோமளா?" காற்று மாதிரிதான் கேட்டார். "சொல்லு. இது எது?"

வெள்ளைப் பஞ்சு இருந்த சட்டைதான் அது. தைக்கும்போது மடிப்பில் ஓர் இழையைக் கூடுதலாக விட்டிருந்தேன், எனக்கு மட்டும் தெரியும். அண்ணன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை.

படகு போயிற்று. அண்ணன் நடுப்பலகையில், இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வளைவு திரும்பும்வரை பார்த்தேன். பிறகு சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அண்ணி என் பக்கத்தில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். குழந்தையை என் இடுப்பில் கொடுத்தாள்.

ஒரு மணி நேரம் இருக்கும். வெயில் ஏறியிருந்தது. ஆறு கண்ணாடி மாதிரிக் கிடந்தது.

படகு திரும்பி வந்தது. அண்ணன் போனபோது இருந்தபடியே உட்கார்ந்திருந்தார், சட்டையில் ஒரு துளி ஈரம் இல்லை. ஆனால் படகின் பின்பக்கம் தாழ்ந்து, விளிம்பில் தண்ணீர் ஏறப் பார்த்துக்கொண்டு வந்தது.

வீரமுத்து கயிற்றைக் கட்டினார். அண்ணனைக் கைபிடித்து ஏற்றிவிட்டார். அண்ணன் என்னைத் தாண்டி, யாரையும் பார்க்காமல், வேலிப் பக்கமாக நடந்தார். நரைத்துத் திரும்பிய அவர் முடி காலையில் கறுப்பாக இருந்தது என்று சொன்னால் இன்று யாரும் நம்புவதில்லை, அதனால் அதை நான் சொல்வதில்லை.

வீரமுத்து அதோடு நிறுத்தவில்லை. மறுபடியும் குனிந்தார். காலியாக இருந்த பின்பலகைப் பக்கம் கையை நீட்டினார். அவர் கை எதையோ பற்றி, கனத்துத் தாழ்ந்தது. காலை ஊன்றித் தூக்கினார்.

"பாத்து எறங்குங்க அண்ணே. பலக வழுக்கும்."

படகு சட்டென்று லேசாகி மேலே எழும்பியது.

வீரமுத்து நிமிர்ந்து தன் கையைப் பார்த்தார். மணிக்கட்டு வரை நனைந்திருந்தது. படகைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி... நாங்க ரெண்டு பேருதானே போனோம்?"

என் இடுப்பிலிருந்த ஜெயமணி, எனக்கு முன்னால் இருந்த வெறும் வெயிலை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டித் தாவினாள்.

குறுகலான பலகைத் துறை அது. ஒருவர் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும்.

நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒதுங்கி வழிவிட்டேன்.